மன்னர் எடுத்த மதிப்பெண்

ஒரு காலத்தை வாழ்ந்து பார்த்தவருக்கே அந்தக் காலத்தின் வரலாறு நன்றாகத் தெரியும் என்று படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒருசேர நம்பி வருகிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது. தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு ஆபத்தானதும்கூட. வாழ்ந்தவருக்குத் தெரிவது வாழ்ந்தது மட்டும்தான். வரலாறு அதற்குப் பிறகு, அவர் இல்லாத இடத்தில், அவரைக் கலந்தாலோசிக்காமல் முடிவு செய்யப்படுகிறது. சான்று வேண்டுவோர் செம்மதகு அரசு உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்களைப் பார்க்கலாம். அவ்வூரை முன்னொரு காலத்தில் ஆண்டவரும், கண்மாய்க்கரைக் கோயில் தூணில் குதிரைமேல் அமர்ந்திருப்பவருமான புறங்கொடாக் கண்டன், தன் ஆட்சியைப் பற்றி நடந்த இணையவழி வினாடி வினாவில் தானே கலந்துகொண்டு, நூற்றுக்கு இருபது எடுத்து, வகுப்பில் கடைசிக்கு முந்தைய இடத்தைப் பெற்றார். கடைசி இடம் பெற்ற கணினியின் மௌஸ் அன்று வேலை செய்யவில்லை.

அவர் வந்த விதம் எளிமையானது. சமூக அறிவியல் ஆசிரியை ஜெபசீலி, கடலோரத்து ஊர் ஒன்றிலிருந்து மாறுதலாகி வந்தவர், நகரத்து அருங்காட்சியகம் ஒன்றின் காப்பாளரைக் காணொளி வழியாக வகுப்புக்கு அழைத்து, இணைப்பை அனுப்பிவிட்டு, ஐந்தாம் பாடவேளையில் கணினி அறையின் பெரிய திரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். காப்பாளருக்கு அன்று பல்வலி. அவர் வரவில்லை. ஆனால் காத்திருப்பு அறையில் ஒருவர் இருப்பதாகத் திரை அறிவித்தது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் புறங்கொடாக் கண்டன் என்று இருந்தது. குறித்த நேரத்துக்கு வந்தவரை வாசலில் நிற்கவைப்பது முறையல்ல என்று கருதி டீச்சர் அனுமதிக்கும் பொத்தானை அழுத்தினார். திரையின் ஒரு கட்டத்தில் மன்னர் தோன்றினார். தூணில் இருப்பதைவிடச் சற்றுப் பருமனாக, இடது காதுமடல் கிழிந்து, முழங்கால் வரை வேட்டியுடன், ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கண்மாய் கரை முட்டத் தண்ணீரோடு கிடந்தது. அந்தக் கண்மாயை அப்படி நிறைந்து கண்டவர் ஊரில் எவரும் இல்லாததால், வந்திருப்பவர் யார் என்பதைவிட அவ்வளவு தண்ணீர் எங்கே போயிற்று என்பதுதான் முதல்நாள் பேச்சாக இருந்தது.

பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். மன்னர் வாயசைத்தார். சத்தம் வரவில்லை. ஐயா, மைக் ஆஃப்ல இருக்கு என்று வகுப்பு ஒரே குரலில் சொன்னது. அவர் சிரித்தார்; வலது கையைத் தூக்கினார்; தூக்கிய கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து, எவரும் எதுவும் கேட்காததால் இறக்கிக்கொண்டார். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார், கையைத் தூக்கினார், இறக்கினார், மணி அடித்ததும் போனார்.

ஒரு மன்னர் வகுப்புக்கு வருவதில் பள்ளிக்கு வியப்பு ஒன்றும் இருக்கவில்லை, சிக்கல்கள்தான் இருந்தன. தலைமையாசிரியர் பிச்சைமுத்து அவரை விருந்தினர் என்று கொள்வதா மாணவர் என்று கொள்வதா என்று யோசித்தார். விருந்தினர் என்றால் சால்வை போர்த்த வேண்டும், தினமும் போர்த்த முடியாது. மாணவர் என்றால் முன்பு படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வேண்டும். மேலிடத்துக்குத் தொலைபேசியில் கேட்டபோது, இறந்தவர் வகுப்பில் அமர்வது பற்றி உத்தரவு எதுவும் இல்லை என்றும், இணையத்தின் அளவு குறைவாதலால் அவர் படத்தை மங்கலாக வைத்துக்கொள்ளும்படியும் சொன்னார்கள். சத்துணவு அமைப்பாளர் தலை எண்ணியபோது திரையில் இருந்த தலையையும் சேர்த்து எண்ணிவிட்டதால், மன்னர் பெயரில் ஒரு முட்டை வரத் தொடங்கியது. அதைத் தட்டில் வைத்து அவர் முன்னால் காட்டுவார்கள், அவர் பார்த்துத் தலையசைப்பார், பிறகு அதை நூலால் இரண்டாக அறுத்து யாராவது இருவர் தின்பார்கள். ஐந்தாம் பாடவேளையில் மின்சாரம் நிறுத்துவதை மின்வாரிய ஊழியர்கள் தாங்களாகவே விட்டுவிட்டார்கள். வயல்காரர்கள் ஜன்னலோரம் வந்து, மண்மூடிப் போன பழைய மடை எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். மன்னர் கேட்டுக்கொண்டு விரலை நீட்டிக் காட்டவும் செய்தார். ஆனால் காணொளியில் தெரிவது கண்ணாடிப் பிம்பமா நேர்ப் பிம்பமா என்று கருத்து வேறுபாடு எழுந்து, பாதிப்பேர் கிழக்கிலும் பாதிப்பேர் மேற்கிலும் தோண்டினார்கள்.

இவையெல்லாம் தீரக்கூடிய சிக்கல்கள். தீராத சிக்கல் வேறொன்று. அதைச் சொல்ல ஊரைச் சொல்ல வேண்டும்.

செம்மதகில் மேலத்தெரு என்றும் கீழத்தெரு என்றும் இரண்டு தெருக்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு தார்ச்சாலையும் புறங்கொடாக் கண்டனும் இருந்தார்கள். போரில் ஒருபோதும் முதுகு காட்டாதவர் என்பது அந்தப் பெயரின் பொருள். மார்பில் வேல் தாங்கிக் களத்திலேயே மாண்டார் என்பது ஊர் சொல்லும் கதை. அவர் எங்கள் முன்னோர், உங்களுக்கும் அவருக்கும் என்ன என்பது இரண்டு தெருக்களும் ஒன்றையொன்று கேட்கும் கேள்வி. இரண்டு தெருவும் ஆண்டுதோறும் அவருக்குத் தனித்தனியே பிளக்ஸ் வைக்கும். மேலத்தெருப் பிளக்ஸில் ஊதாத் தலைப்பாகை, கீழத்தெருப் பிளக்ஸில் ஆரஞ்சுத் தலைப்பாகை. மீசை மட்டும் இரண்டிலும் ஒன்றே, அச்சடித்துக் கொடுப்பவர் ஒருவரே என்பதால். பள்ளியில் மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டக்கூடாது என்று உத்தரவு வந்தபோது கயிறுகள் அவிழ்ந்தன. வண்ணம் தண்ணீர்ப் பாட்டிலின் மூடிக்கும் சைக்கிள் கைப்பிடிக்கும் பேனாவின் கழுத்துக்கும் செருப்பு வாருக்கும் குடிபெயர்ந்தது. வகுப்பறையில் இரண்டு தெருப் பிள்ளைகளின் பெஞ்சுகளுக்கு நடுவே ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்கு இடம் விட்டிருந்தது. அந்த இடத்தில் இதுவரை எவரையும் கிடத்த வேண்டி வரவில்லை என்பதுதான் பிச்சைமுத்து சாரின் பணிக்காலச் சாதனை.

கணினி அறையில் மட்டும் அந்த இடைவெளி விட முடியவில்லை. ஓடும் கணினிகள் குறைவு, ஒரு கணினிக்கு இருவர் உட்கார வேண்டும், ஊர் வழக்கம் தெரியாத முதல் வாரத்தில் ஜெபசீலி டீச்சர் உயர வரிசைப்படி இருவர் இருவராக உட்கார வைத்துவிட்டார். வழக்கம் தெரிந்த பிறகு, தெரியாதவரைப் போலவே இருந்துகொண்டார். இப்படித்தான் மேலத்தெரு முத்துப்பேச்சியும் கீழத்தெரு சுகப்பிரியாவும் ஒரே மௌஸின் மேல் கை வைக்க நேர்ந்தது. பாடம் முடிந்ததும் டீச்சர் இணையத்தில் வினாடி வினா வைப்பார். ஒரு கேள்விக்கு நான்கு விடைகள், நான்கு வண்ணப் பொத்தான்கள். வண்ணங்களை டீச்சர் தேர்ந்தெடுக்கவில்லை, எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்து அந்தக் கருவியைச் செய்தவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்: ஊதா, ஆரஞ்சு, சாம்பல், ரோஸ். முதல் மாதம் முழுவதும் எல்லாக் கணினிகளும் எல்லாக் கேள்விகளுக்கும் சாம்பலையே அழுத்தின. ஊதாவை அழுத்தக் கீழத்தெருக் கை விடாது, ஆரஞ்சை அழுத்த மேலத்தெருக் கை விடாது, ரோஸை ஒன்பதாம் வகுப்பு ஆண்பிள்ளைகள் தொடமாட்டார்கள். கடைசியாகச் சொன்னதற்கும் தெருவுக்கும் தொடர்பில்லை.

டீச்சர் சாம்பல் பொத்தானில் சரியான விடையை வைப்பதை நிறுத்தினார், அவ்வளவுதான். எல்லாரும் சைபர் வாங்கினார்கள், மறுபடி சைபர் வாங்கினார்கள், சைபர் வாங்குவதில் இரண்டு தெருவும் சமமாக இருப்பது இரண்டு தெருவுக்குமே பொறுக்கவில்லை. ஒருநாள் முத்துப்பேச்சி, இந்தக் கேள்விக்கு உங்க கலர அமுக்கிக்கோ, அடுத்ததுக்கு எங்க கலரு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். சரியான விடை எந்தக் கேள்விக்கு எந்த வண்ணத்தில் இருக்கும் என்று தெரியாமல் இந்த ஒப்பந்தத்தை நடத்த முடியாது, அதைத் தெரிந்துகொள்ள விடைகளைப் படிக்க வேண்டியிருந்தது, படித்தால் வாதாட வேண்டியிருந்தது, வாதாடினால் பேச வேண்டியிருந்தது. அந்த ஊரில் இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒருவரோடொருவர் பேசிய ஒரே அறை அதுதான். ஜெபசீலி டீச்சர் கடலோரத்து வீட்டுக்கு விடுமுறைக்குப் போகும்போதுகூட அந்த அறையின் சாவியைக் கையோடு கொண்டுபோனார்.

மன்னர் வினாடி வினாவில் சேர்ந்தது அந்த அறையில்தான். கட்டத்துக்குள் இருந்தபடியே விரலை நீட்டுவார். அவர் நீட்டிய பொத்தான் அழுந்தும். உள்ளூர் வரலாற்றுப் பாடத்தை டீச்சர் தானே தயாரித்திருந்தார், கோயில் கல்வெட்டையும் நூலகத்துப் பழைய புத்தகத்தையும் பார்த்து, விடைக்குறிப்போடு, மிகுந்த அக்கறையாக. கண்மாயை வெட்டியவர் யார் என்ற கேள்விக்குச் சரியான விடை புறங்கொடாக் கண்டன். மன்னர் அழுத்தியது, முன்பே இருந்தது. அவருடைய குதிரையின் நிறம் என்ன என்ற கேள்விக்குச் சரியான விடை வெள்ளை. அவர் அழுத்தியது, குதிரை இல்லை. அவருடைய தந்தை யார் என்ற கேள்விக்கு அவர் அழுத்திய விடை கல்வெட்டோடு பொருந்தவில்லை, அதைப் பற்றி ஊர் பெருந்தன்மையாக எதுவும் பேசவில்லை. அவர் எப்படி இறந்தார் என்ற கேள்விக்கு, களத்தில் வேல் தாங்கி என்பதை விட்டுவிட்டு, முதுமையால் என்பதை அழுத்தினார். இந்த நான்குக்கும் பெருக்கல் குறி விழுந்தது, ஐந்தாவது ஒன்றுக்கு மட்டும் சரி. ஒவ்வொரு பெருக்கல் குறிக்கும் மன்னர் கையைத் தூக்கினார்.

ஆனால் ஜன்னலில் நின்ற ஊர் விடைகளைப் படிக்கவில்லை. வண்ணத்தைப் பார்த்தது. மன்னரின் விரல் ஊதாவில் பட்ட அன்று மேலத்தெருவில் வெடி வெடித்தார்கள். ஆரஞ்சில் பட்ட அன்று கீழத்தெருவில் கேசரி கிண்டினார்கள். ஊதாவும் ஆரஞ்சும் மாறி மாறி வந்த நாட்களில் இரு பக்கமும் கணக்கு வைத்துக்கொண்டு தார்ச்சாலையில் நின்று அடுத்த பக்கத்தைப் பார்த்தார்கள். சாம்பலில் பட்ட அன்று எவரோ மன்னரை மிரட்டியிருக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. ஆடி மாதம் கோயில் கொடைத் திருவிழா நெருங்கியது. மன்னர் பெயரால் எடுக்கும் கொடியை முதலில் எந்தத் தெரு எடுப்பது என்பது தீராத வழக்கு. இவ்வளவு காலமும் கேட்பதற்கு ஆள் இல்லை, இப்போதுதான் ஆளே வந்துவிட்டாரே, அவரையே கேட்டுவிடலாம் என்று மேலத்தெருப் பெரியவர் தவசிக்கண்ணு சொன்னார். கேளுங்கள், பதில் தெரிந்துதான் நாங்களும் காத்திருக்கிறோம் என்று கீழத்தெருப் பெரியவர் ஆதிமூலம் சொன்னார். தவசிக்கண்ணு அரவை மில் வைத்திருந்தார், ஆதிமூலம் லாரி வைத்திருந்தார். மில்லின் நெல் அந்த லாரியில்தான் போனது, இருவரும் அதைப் பற்றி நேரில் பேசிக்கொண்டதில்லை. இளவட்டங்கள் இரண்டு தெருவிலும் கல் சேர்த்தார்கள்.

அமைதிக் கூட்டம் நடந்தது. பள்ளி மைதானத்தில் பெரிய திரை கட்டி, எல்லார் முன்னிலையிலும் மன்னரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பது, ஊதா என்றால் மேலத்தெரு, ஆரஞ்சு என்றால் கீழத்தெரு, அதோடு விஷயம் முடிந்தது என்று தாசில்தார் தலைமையில் முடிவாயிற்று. முடிந்துவிடும் என்று எவரும் நம்பவில்லை, தாசில்தார் உட்பட. பிச்சைமுத்து சார் டீச்சரைக் கூப்பிட்டு, மேலிடத்தில் சொன்னதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அன்று ஒரு கல் விழுந்தாலும் கணினி அறையைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும், கணினிகள் வேறு பள்ளிக்குப் போகும், பிள்ளைகள் பழையபடி வகுப்பறையில் பாடம் படிக்கட்டும். பழையபடி என்றால் எப்படி என்று டீச்சர் கேட்கவில்லை. அந்தப் பெஞ்சுகளின் நடுவே இருக்கும் இடம் அவர் கண்முன் வந்தது.

மறுநாள் பாடவேளை முடிந்து பிள்ளைகள் போன பிறகும் முத்துப்பேச்சியும் சுகப்பிரியாவும் போகாமல் நின்றார்கள். இருவரும் சேர்ந்து நிற்பதை டீச்சர் அறைக்கு வெளியே பார்த்ததில்லை. உள்ளே என்பதால் அது இயல்பாக இருந்தது. மன்னரின் விடைகளை ஒன்றாக வைத்துப் படித்துப் பார்த்தீர்களா என்று சுகப்பிரியா கேட்டாள். படித்ததாகவும் ஒன்றைத் தவிர எல்லாம் தவறென்றும் டீச்சர் சொன்னார்.

"போர்ல சாகலைன்னு போட்டிருக்காரு டீச்சர். ஒவ்வொரு வாட்டியும் அதையேதான் போடுதாரு" என்றாள் சுகப்பிரியா.

"விடைக்குறிப்புல அப்படி இல்லையேம்மா."

"செத்தது அவருல்லா டீச்சர்" என்றாள் முத்துப்பேச்சி. "அவருக்குத் தெரியாதா?"

ஜெபசீலி டீச்சர் திரையில் அந்த விடைகளைத் திரும்பவும் ஏற்றி, வண்ணங்களைக் கையால் மறைத்துக்கொண்டு, எழுத்துகளை மட்டும் படித்தார். முன்பே இருந்தது. குதிரை இல்லை. முதுமையால். வாரக்கணக்காக ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த திரையில் அது எழுதியிருந்தது. எதற்காக அவர் தினமும் கையைத் தூக்குகிறார் என்பது டீச்சருக்குப் புரிந்தது. கல் சேர்த்து வைத்திருக்கும் ஊரிடம் அவர் பேச வராமல் இருந்தால் நல்லது என்றும் தோன்றியது.

கொடைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மதியம், பந்தலின் நிழலில் திரை கட்டி, மேலத்தெரு மேற்கிலும் கீழத்தெரு கிழக்கிலும் உட்கார்ந்தது. நடுவில் மூங்கில் கட்டி, மூங்கிலின் இரு பக்கமும் காவலர்கள் நின்றார்கள். பெண்கள் பிள்ளைகளை மடியில் இறுக்கி வைத்திருந்தார்கள். இளவட்டங்களின் சட்டைப்பைகள் கல்லின் கனத்தில் தொங்கின. முத்துப்பேச்சியும் சுகப்பிரியாவும் மேடையில் ஒரு கணினியின் முன் உட்கார்ந்தார்கள், மௌஸ் இருவர் கைக்குள்ளும் இருந்தது, இதைக் கண்ட இரு பக்கத்து உறவினர்களும் பல்லைக் கடித்தார்கள், ஆனால் அந்தக் கணினியை ஓட்டத் தெரிந்தவர்கள் வேறு எவரும் இல்லை. காத்திருப்பு அறையில் பெயர் வந்தது. டீச்சர் அனுமதித்தார். மன்னர் புளியமரத்தடியில், நிறைந்த கண்மாயின் முன்னால், வழக்கம்போல் உட்கார்ந்திருந்தார். இவ்வளவு கூட்டத்தைக் கண்டு வேட்டியைச் சற்று இறக்கி விட்டுக்கொண்டார்.

திரையில் கேள்வி விழுந்தது. நீங்கள் யாருடைய முன்னோர்? ஊதாவில் மேலத்தெரு என்றும் ஆரஞ்சில் கீழத்தெரு என்றும் இருந்தன. சாம்பலும் ரோஸும் வெறுமையாக இருந்தன. நேரம் குறையத் தொடங்கியது. மன்னர் கேள்வியைப் படித்தார், மேற்கே பார்த்தார், கிழக்கே பார்த்தார், விரலை நீட்டவில்லை. நேரம் குறைந்துகொண்டே வந்து தீர்ந்தது, நேரம் முடிந்தது என்று திரை அறிவித்தது, இளவட்டங்களின் கைகள் சட்டைப்பைகளுக்குள் போயின. அப்போது மன்னர் வலது கையைத் தூக்கினார்.

பேச வருகிறார், மைக்கைப் போடச் சொல்லுங்கள் என்று தாசில்தார் சொன்னார். மைக் ஆஃப்ல இருக்கு ஐயா என்று கூட்டம் இரு பக்கமும் ஒரே குரலில் கத்தியது. அந்த ஊரின் இரண்டு தெருக்களும் ஒரே நேரத்தில் ஒரே வாக்கியத்தைச் சொன்னது அதுவே முதல்முறை. மன்னர் உதடுகளை அசைத்தார், கையை விரித்தார், தன்னால் ஆகாது என்பதுபோல் தலையை ஆட்டினார்.

சுகப்பிரியா திரையின் ஓரத்தை உற்றுப் பார்த்தாள். முத்துப்பேச்சி மௌஸை அங்கே நகர்த்தினாள். பிறகு இருவரில் ஒருவர், எவர் என்று பின்னால் இருவருக்குமே நினைவில்லை, டீச்சரிடம் திரும்பிச் சொன்னார்.

"பூட்டு நம்ம பக்கம் இருக்கு டீச்சர்."

வகுப்பில் பிள்ளைகள் ஒரேயடியாகப் பேசக்கூடாது என்பதற்காக, வருகிற எவர் குரலும் தானாக அடைபடும்படியும், உள்ளிருப்பவர் அனுமதித்தால் மட்டுமே திறக்கும்படியும் ஜெபசீலி டீச்சரே முதல் நாளில் அமைத்து வைத்திருந்தார். எல்லா ஆசிரியர்களும் செய்வதுதான். மன்னரைப் பார்த்து இத்தனை நாளும் மைக்கைப் போடுங்கள் என்று கத்திய ஊர், அந்தச் சாவியைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தது. டீச்சர் ஒரு கணம் தயங்கினார். அவர் மனதில் பூட்டிய கணினி அறையும் தனித்தனிப் பெஞ்சுகளும் இருந்தன. திரையில் ஒரு மனிதர் கையைத் தூக்கியபடி இருந்தார். கையைத் தூக்கியவரைக் கேட்காமல் விடும் ஆசிரியர் அல்ல அவர். தலையசைத்தார். பிள்ளைகள் அழுத்தினார்கள்.

முதலில் தவளைச் சத்தம் கேட்டது. நிறைந்த கண்மாயின் தவளைகள். பிறகு, கொஞ்சம் கரகரத்த, எதிர்பார்த்ததைவிட மெல்லிய குரல்.

"அஞ்சினேன்" என்றார் மன்னர். "ஆற்றங்கரையில் வேல் கண்டேன். குதிரை இல்லை. கால் இருந்தது. ஓடினேன்."

மூங்கிலின் இரு பக்கமும் கூட்டம் திரையை நோக்கி நகர்ந்தது.

"பின்னே காலடி கேட்டது. பகைவர் என்று இன்னும் விரைந்தேன். இந்தக் கரையேறித் திரும்பினேன். வந்தவர் இவ்வூரார். மேலவரும் வந்தார், கீழவரும் வந்தார், மூச்சு வாங்கியதில் எவர் எவரென்று அன்று எவரும் கேட்கவில்லை. சிலர் களத்தில் நின்றார். நல்லவர். அவர்க்கு மக்கள் இல்லை." அவர் மூங்கிலின் இரு பக்கமும் நிதானமாகப் பார்த்தார். "ஓடினவர் மக்கள் நீங்கள்."

தவளைகள் கத்தின. மன்னர் இன்னும் ஏதோ கேட்கத் தயங்குபவர்போல் இருந்து, டீச்சரின் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கேள்விக்கு மதிப்பெண் உண்டோ?"

உண்டு என்று ஜெபசீலி டீச்சர் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் மேடையிலேயே விடைக்குறிப்பைத் திறந்து திருத்தினார், கண்மாய் முன்பே இருந்தது என்று திருத்தினார், குதிரையை நீக்கினார், வேல் தாங்கியதை நீக்கி முதுமையை வைத்தார், தந்தையின் பெயரை மட்டும் கல்வெட்டுக்கு மரியாதையாக விட்டுவைத்தார். மதிப்பெண் பலகையில் புறங்கொடாக் கண்டன் என்ற பெயர் ஒவ்வொரு படியாக மேலே ஏறி இரண்டாம் இடத்தில் நின்றது. மன்னர் அதைப் பார்த்தார். நெடுங்காலமாகத் தோளில் கிடந்த ஒன்றைக் கீழே வைத்தவரைப் போல மூச்சு விட்டார், புளியமரத்தில் சாய்ந்துகொண்டார், கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார், வெளியேறினார். கட்டம் கறுத்தது.

கல் விழும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். முதலில் எழுந்தவர் தவசிக்கண்ணு. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மூங்கிலின் அருகே வந்து, முதன்முறையாக ஆதிமூலத்தைப் பார்த்து நேரடியாகப் பேசினார்.

"அண்ணாச்சி, யோசிச்சுப் பாத்தா ஜாடை உங்க தெருவுலதான் இருக்கு. நீங்களே வச்சுக்கிடுங்க."

"அய்ய, அதெப்படி" என்றார் ஆதிமூலம். "அந்தக் காது உங்க சின்னையா காதுல்லா. பெரிய மனுசரு, உங்க பக்கமே இருக்கட்டும். நாங்க ஒண்ணும் சொல்லமாட்டோம்."

ஒருவருக்கொருவர் மன்னரை விட்டுக்கொடுப்பது கொஞ்ச நேரம் நடந்தது. அவருடைய மூக்கையும் உட்காரும் தோரணையையும் சொல்லி மேலத்தெரு கீழத்தெருவுக்குத் தள்ளியது, பருமனையும் வழுக்கையையும் சொல்லிக் கீழத்தெரு மேலத்தெருவுக்குத் தள்ளியது, இரு பக்கமும் மரியாதையாக, கெஞ்சாத குறையாக. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி முதலில் சிரித்தாள். அது எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்குள் இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டிருந்தது. போன ஆண்டுத் தகராறில் அரவை மில்லின் உமிக்குவியலுக்குப் பின்னால் தவசிக்கண்ணு ஒளிந்திருந்ததை அவருடைய மனைவியே எடுத்துச் சொன்னார்; ஆதிமூலம் லாரிக்கு அடியில் கிடந்ததை அவர் மருமகன் சொன்னான்; மாடு முட்ட வந்தபோது கிணற்றுக்குள் குதித்தவர், ஊசிக்குப் பயந்து ஆஸ்பத்திரிச் சுவரேறியவர் என்று ஓடினவர்கள் பெருகிக்கொண்டே போனார்கள். இளவட்டங்கள்தான் அதிகம் ஆறுதல் அடைந்தார்கள். களத்தில் மாண்ட மன்னரின் வாரிசுகளாகத் தாங்களும் ஒருநாள் எங்காவது விழ வேண்டியிருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஒவ்வொருவராகப் பந்தலுக்குப் பின்னால் போய்ச் சட்டைப்பையைக் காலி செய்துவிட்டு, நடை இலேசாகித் திரும்பி வந்தார்கள். அந்தக் கல்லைக் கொண்டுதான் பின்னால் பள்ளியின் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குத் தளம் போட்டார்கள்.

காவல் ஆய்வாளர் மூங்கிலை அவிழ்க்கச் சொன்னார். கலவரம் இரவு வரை நீளும் என்று காவலர்களுக்காகக் கொண்டுவந்திருந்த புளியோதரைப் பொட்டலங்கள் மிஞ்சிக் கிடந்தன. பிரித்துக் கொடுத்தபோது எவர் எந்தப் பக்கம் உட்கார்ந்து தின்றார் என்பதை எவரும் கவனிக்கவில்லை. பிச்சைமுத்து சார் மட்டும் தின்னவில்லை. அவர் கணினி அறைக்கு நடந்துபோய்க் கதவு திறந்திருப்பதைப் பார்த்து, உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒன்றுமில்லை என்று மேலிடத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். என்ன ஒன்றுமில்லை என்று கேட்டார்கள். ஒன்றுமே இல்லை என்று மறுபடி சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கணினிகள் எங்கும் போகவில்லை.

கொடி அந்த ஆண்டு சற்றுத் தாமதமாக ஏறியது; நீங்கள் முதலில், நீங்கள் முதலில் என்று இரு தெருவும் நின்றதால் வந்த தாமதம். கோயில் தூணில் குதிரை அப்படியே இருக்கிறது, கல்லைத் திருத்துவது விடைக்குறிப்பைத் திருத்துவதுபோல் எளிதல்ல. அச்சகத்துக்காரர் ஒரு தலைப்பாகையும் விற்காமல் திருமண அழைப்பிதழுக்கு மாறினார். மன்னர் அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை; ஐந்தாம் பாடவேளையில் காத்திருப்பு அறையைத் திறந்து பார்க்கும் பழக்கம் மட்டும் டீச்சருக்குச் சில வாரம் இருந்தது. பல்வலி தீர்ந்த காப்பாளர் ஒருநாள் வந்து வெண்கலக் காலத்தைப் பற்றிப் பேசினார். கையைத் தூக்கிய எல்லாருக்கும் குரல் திறக்கப்பட்டதால் அவரால் பாதிதான் பேச முடிந்தது.

அவ்வாண்டு வட்டார விளையாட்டுப் போட்டியில், குச்சியைக் கைமாற்றும் இடத்தில் எப்போதும் தோற்றுவந்த செம்மதகு அரசு உயர்நிலைப் பள்ளி, நால்வர் தொடர் ஓட்டத்தில் முதலிடம் பெற்றது.